மேளச் சத்தத்தில் விளக்கு எரியுமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் பதினோராம் வகுப்புப் படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறாள்: “அங்கிள், லோட் ஷெட்டிங் என்று மின்வெட்டு இருந்த நாட்களில் தெரு முழுக்க ஜெனரேட்டர் சத்தம். காவடிக்குப் போனால் மேளம், மேட்ச் பார்க்கப் போனால் வுவுசேலா ஊதுகுழல். சத்தமும் ஒரு வகை ஆற்றல்தான் என்று பாடத்தில் இருக்கிறது. அதைப் பிடித்து மின்சாரமாக்கினால் ஒரு வீட்டுக்காவது விளக்கு எரியாதா? பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இதையே செய்யலாமா?”

சத்தத்தை மின்சாரமாக்க முடியும். பல மைக்குகள் அந்த வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் அதில் வீட்டு விளக்கு எரியாது. நல்ல கருவி இன்னும் வரவில்லை என்பது காரணமில்லை. நம் காதுக்குப் பெரிதாகக் கேட்கும் சத்தத்தில் இருக்கும் ஆற்றலே மிகமிகக் கொஞ்சம். எவ்வளவு கொஞ்சம் என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கண்காட்சிக்கு இதைச் செய்யலாமா என்றால், தாராளமாகச் செய். எப்படிச் செய்தால் உருப்படியாக இருக்கும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் டர்பன் துறைமுகத்தில் கப்பல்களின் மின் வேலை பார்த்தவன். ஒலியால் ஓடும் ஒரு கருவியைக் கையில் பிடித்துப் பழுது பார்த்திருக்கிறேன். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கப்பலில் மின்சாரம் மொத்தமாக நின்றுபோனாலும் மேலே பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் அறையில், இருப்பவர் கீழே எஞ்சின் ரூமில் இருப்பவரோடு பேசியாக வேண்டும். அதற்கென்று ஒரு டெலிபோன் இருக்கிறது. பேட்டரி கிடையாது, ஆம்ப்ளிஃபையர் கிடையாது. சவுண்ட் பவர்டு போன் என்பார்கள். கையில் எடுத்தால் நல்ல கனம். பிடியில் ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்திக்கொண்டே பேச வேண்டும். வாய்ப்பக்கத்து மூடியைத் திருகிக் கழற்றினால் உள்ளே மெல்லிய உலோகச் சவ்வு. அதன் நடுவிலிருந்து ஒரு சின்னக் கம்பி இறங்கி, காந்தத்தின் இரண்டு முனைகளுக்கு நடுவே நிற்கும் இரும்புப் பட்டையைப் பிடித்திருக்கும். பட்டையைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். நாம் பேசும்போது சவ்வு அதிர்கிறது, பட்டை ஆடுகிறது, சுருளுக்குள் காந்தப்புலம் மாறுகிறது, மின்சாரம் பிறக்கிறது. 1831இல் ஃபாரடே கண்ட அதே விதிதான். அந்த மின்சாரம் கம்பி வழியாகக் கீழே போய், அங்கே இதே மாதிரி இன்னொரு சவ்வை ஆட்டுகிறது. பேசியவர் குரல் அங்கே கேட்கிறது. 1877இல் விற்பனைக்கு வந்த பெல் தொலைபேசியும் இப்படித்தான், பேட்டரி இல்லாமல் பேசுகிறவர் குரலிலேயே ஓடியது.

இதே போனில் இன்னொரு பாகம் இருக்கிறது. பெட்டியின் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. எதிர்முனையில் மணி அடிக்க வேண்டுமென்றால் அதைச் சுற்ற வேண்டும், உள்ளே ஒரு சின்ன டைனமோ ஓடும். ஏன் இரண்டு ஏற்பாடு? குரலில் பிறக்கும் மின்சாரம் இன்னொருவர் காதுக்குள் பேச்சாகக் கேட்கப் போதும், ஒரு மணியை அடிக்கப் போதாது. மணிக்குக் கை வேண்டும்.

எண்ணாகச் சொன்னால் இன்னும் தெளிவாக இருக்கும். சாதாரணமாகப் பேசும்போது நம் வாயிலிருந்து வெளிவரும் ஒலியின் திறன் சில பத்து மைக்ரோவாட். தொண்டை கிழியக் கத்தினால் ஏறத்தாழ ஒரு மில்லிவாட், அதாவது ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கையால் டைனமோவைச் சுற்றினால் பத்து, இருபது வாட் சுலபமாக வரும். உன் தொண்டையைவிட உன் கை பத்தாயிரம் மடங்குக்கு மேல் பெரிய ஜெனரேட்டர். கத்திக் கத்தி ஒரு கோப்பைத் தேநீருக்குத் தண்ணீர் சூடாக்குவதாக வைத்துக்கொள். 200 மில்லிலிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 58,600 ஜூல் வேண்டும். நொடிக்கு ஒரு மில்லிஜூல் வீதம், ஒரு துளியும் வீணாகாமல் சேர்த்தாலும், மூச்சு விடாமல் இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கத்த வேண்டும்.

இப்போது டெசிபல். ஒலி எவ்வளவு அடர்த்தியாக வந்து விழுகிறது என்பதை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை வாட் என்று அளக்கலாம். காதுக்குக் கேட்கும் மிக மெல்லிய ஒலிக்கு 0 டெசிபல் என்று பெயர். அது சதுர மீட்டருக்கு ஒரு வாட்டில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அதன் பிறகு ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் திறன் பத்து மடங்காகும். அப்படிப் பார்த்தால் பேச்சுச் சத்தமான 60 டெசிபல் சதுர மீட்டருக்கு ஒரு மைக்ரோவாட். 90 டெசிபல் ஒரு மில்லிவாட். 100 டெசிபல் பத்து மில்லிவாட். காது வலிக்கத் தொடங்கும் 120 டெசிபலில்தான் சதுர மீட்டருக்கு ஒரு வாட் வருகிறது. உச்சிவெயில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஆயிரம் வாட். காது வலிக்கும் சத்தமும் டர்பன் நடுப்பகல் வெயிலும் ஒரே அகலமுள்ள தகட்டில் விழுந்தால் ஒன்றுக்கு ஆயிரம் என்ற கணக்கு.

அப்படியென்றால் சத்தம் ஏன் இவ்வளவு பலமாகத் தெரிகிறது? காது அப்படிப்பட்டது. கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலியில் காற்று அசையும் தூரம் ஓர் அணுவின் அளவைவிடச் சிறியது. அதையும் உணர்ந்து, அதைவிட லட்சம் கோடி மடங்கு திறனுள்ள ஒலியையும் தாங்கும்படி காது அமைந்திருக்கிறது. இந்தப் பெரிய வீச்சைச் சமாளிக்க அது அளவைச் சுருக்கித்தான் உணர்கிறது. திறன் பத்து மடங்கு ஏறினால் நமக்கு ‘ரெண்டு மடங்கு சத்தம்’ என்றுதான் தோன்றும். எதிர்ப்பக்கத்தில், மில்லிவாட்டில் ஒரு சிறு பகுதி காதில் விழுந்தாலே ‘அப்பா, என்ன சத்தம்!’ என்கிறோம். ஆற்றலை மதிப்பிடக் காதை நம்பக் கூடாது. இந்தத் துறையில் வரும் ஏமாற்றங்களில் பெரும்பாலானவை இங்கேதான் ஆரம்பிக்கின்றன.

நீ சொன்ன இடங்களுக்கே போவோம். முதலில் வுவுசேலா. 2010 உலகக் கோப்பைப் போட்டிகளின் போது டர்பனின் மோசஸ் மபிடா மைதானத்துக்குப் போனவர்களுக்கு அந்தச் சத்தம் மறக்காது. ஊதுகுழலுக்குப் பக்கத்தில் 120 டெசிபலைத் தாண்டும். மைதானம் முழுக்கச் சராசரி 100 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். கால்பந்து ஆடும் தரை 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம், ஆக 7,140 சதுர மீட்டர். அந்தப் புல்தரை முழுவதையும் ஒலியை மின்சாரமாக்கும் தகடுகளால் மூடி, விழும் ஒலியில் ஒரு துளிகூட வீணாகாமல் பிடித்தால் கிடைப்பது 71 வாட். பத்தாயிரக்கணக்கானவர்கள் மூச்சுப் பிடித்து ஊதி, ஒரு பழைய குண்டு பல்பு. உண்மையான கருவிகள் நூற்றில் ஒரு பங்கு மாற்றினாலே நல்ல கருவி, ஆகவே கைக்கு வருவது ஒரு வாட்டுக்கும் கீழே. உங்கள் வீட்டு கெட்டிலுக்கு 2,000 வாட் வேண்டும்.

கோயில் மேளத்துக்கும் கிட்டத்தட்ட அதே எண்தான். தைப்பூசக் காவடி ஊர்வலத்தில் மேளக்காரருக்குப் பக்கத்தில் நின்றால் 100 டெசிபல் என்று வைத்துக்கொள். 5 வாட் எல்இடி பல்பு ஒன்றை எரிக்க, நஷ்டமே இல்லாத தகடுகள் 500 சதுர மீட்டர் வேண்டும், அவ்வளவும் மேளத்துக்கு அதே பக்கத்தில் இருக்க வேண்டும். தள்ளி வைத்தால் ஒலி பரந்துபோய்விடும். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் அடர்த்தி நான்கில் ஒரு பங்காகிவிடும்.

துறைமுகத்திலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும் என்3 சாலையில் இரவும் பகலும் கனரக லாரி ஓடுகிறது, அதன் ஓரம் தகட்டுச் சுவர் வைக்கலாமே என்று என்னிடம் வேறு சிலரும் கேட்டதுண்டு. சாலை ஓரத்தில் 80 டெசிபல் என்றால் சதுர மீட்டருக்கு ஒரு மில்லிவாட்டில் பத்தில் ஒரு பங்கு. மூன்று மீட்டர் உயரத்தில் ஒரு கிலோமீட்டர் நீளச் சுவர் கட்டினாலும் 0.3 வாட். அந்தச் சுவரின் தலைமேல் ஒரே ஒரு சதுர மீட்டர் சோலார் பேனல் வைத்தால் நல்ல வெயிலில் 200 வாட்.

ஜெனரேட்டர் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் ஊர்க்காரர்கள் பலருக்கும் இந்த எண்ணம் வந்திருக்கும். 2023இல் நம் நாட்டில் முந்நூறுக்கும் மேற்பட்ட நாட்கள் மின்வெட்டு இருந்தது. மாலையில் கரண்ட் போனதும் பக்கத்து வீட்டில் பெட்ரோல் ஜெனரேட்டர் கிளம்பும், தலைவலி வரும் அளவுக்குச் சத்தம். ‘இவ்வளவு சத்தம் வீணாகப் போகிறதே’ என்று தோன்றுவது இயல்பு. வீணாவது உண்மை, ஆனால் சத்தமாக இல்லை. 3 கிலோவாட் தரும் ஒரு சின்னப் பெட்ரோல் ஜெனரேட்டர், எரிபொருளில் இருக்கும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்குகிறது. அப்படியென்றால் 12 கிலோவாட் வெப்பமாகப் போகிறது, புகைக்குழாய் வழியாகவும் எஞ்சின் உடம்பு வழியாகவும். நம்மைத் தூங்கவிடாத அந்தச் சத்தமாகக் காற்றில் கலப்பது ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்கு அளவுதான். காதுக்குத் தெரியாத வெப்பம் அதைவிட லட்சம் மடங்குக்கு மேல்! எதை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று கேட்டால் நான் வெப்பத்தைத்தான் காட்டுவேன்.

சரி, இருக்கிற கொஞ்சத்தையாவது முழுசாகப் பிடிக்க முடியுமா? அதுவும் சுலபமில்லை. காற்று லேசானது, திடப்பொருள் கனமானது. காற்றில் வரும் ஒலி ஒரு கனமான பரப்பில் மோதினால் பெரும்பாலும் திரும்பிப் போய்விடும். காற்றிலிருந்து தண்ணீருக்குள் நுழைவது ஆயிரத்தில் ஒரு பங்கு. கட்டியான பீங்கானுக்குள் அதைவிடக் குறைவு. நம் நடுக்காதில் மூன்று சின்ன எலும்புகள் இருப்பது இந்தச் சிக்கலைச் சமாளிக்கத்தான். அகலமான செவிப்பறையில் விழும் அழுத்தத்தை ஒரு சிறிய ஜன்னலில் குவித்து ஏறத்தாழ இருபது மடங்காக்கி உள்காது நீருக்குள் அனுப்புகின்றன. மனிதன் செய்யும் கருவியிலும் அதனால்தான் மெல்லிய சவ்வு, லேசான கூம்பு என்று போகிறோம்.

இன்னொரு வழி ஒத்ததிர்வு. வாய் குறுகிய பாட்டிலின் விளிம்பில் ஊதினால் ‘பூம்’ என்று ஒரே ஒரு சுருதி எழுகிறதே, அது. ஒரு குழாயையோ குடுவையையோ குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குச் சரியாக அமைத்தால், வெளியே இருக்கும் மெல்லிய ஒலி உள்ளே பல மடங்கு பெருகி நிற்கும். அதன் அடியில் சவ்வை வைத்தால் மின்சாரம் கூடும். ஆய்வகங்களில் மில்லிவாட் அளவு எடுத்துக் காட்டும் கருவிகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவைதான், அதுவும் 100, 110 டெசிபல் சத்தத்தை ஒரே சுருதியில் கொடுத்து. சுருதி கொஞ்சம் நகர்ந்தால் வெளியீடு சரிந்துவிடும். நாதஸ்வரம் நொடிக்கு நொடி சுரம் மாற்றும், மேளத்தில் எல்லா அதிர்வெண்ணும் கலந்திருக்கும், லாரியும் அப்படியே. அந்த வகையில் வுவுசேலா ஒன்றுதான் நமக்கு ஒத்துழைக்கும். அது எப்போதும் 235 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒரே சுருதியில்தான் கத்தும். இதை நினைவில் வைத்துக்கொள், உன் கண்காட்சிக்கு உதவும்.

காந்தமும் சுருளும் ஒரு வழி என்றால் இன்னொன்று அழுத்தமின் விளைவு. சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் இரு பக்கத்திலும் மின்னழுத்தம் தோன்றும். 1880இல் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் கண்டுபிடித்தது. அடுப்பு பற்றவைக்கும் கேஸ் லைட்டரை ‘டிக்’ என்று அழுத்தும்போது பொறி பறப்பது இதனால்தான். பொம்மைகளிலும் அலாரங்களிலும் இருக்கும் பஸ்ஸருக்குள் பித்தளைத் தகட்டில் ஒட்டிய வெள்ளைப் பீங்கான் வட்டு இருக்கும், அதுவும் இதே சாதி. கடையில் சில ரேண்டுக்குக் கிடைக்கும்.

அந்த வட்டை வைத்து நீயே செய்து பார். இரண்டு கம்பியிலும் ஒரு சிவப்பு எல்இடியை மாட்டி, வட்டை மேசையில் வைத்து நகத்தால் சுண்டினால் எல்இடி ஒரு கணம் மின்னும். இருட்டில் நன்றாகவே தெரியும். இப்போது வட்டைக் கையில் தூக்கிப் பிடித்து அதன் முன்னால் எவ்வளவு கத்தினாலும் ஒன்றும் நடக்காது. மல்டிமீட்டர் வைத்தால் சில மில்லிவோல்ட் காட்டும், எல்இடிக்குத் தேவை 1.8 வோல்ட். சுண்டியபோது வந்தது சத்தத்தின் ஆற்றல் இல்லை, உன் விரலின் ஆற்றல். ‘ஒலியிலிருந்து மின்சாரம்’ என்று இணையத்தில் ஓடும் பல வீடியோக்களில் நடப்பது இதுதான். வட்டைத் தட்டுவார்கள், அல்லது ஸ்பீக்கர் பெட்டியின் மேலேயே ஒட்டி வைத்துப் பெட்டியின் அதிர்வை எடுப்பார்கள். அது அதிர்விலிருந்து மின்சாரம். அதுவும் நல்ல விஷயம்தான், ஆனால் வேறு விஷயம்.

மிதித்தால் மின்சாரம் தரும் தரைகளும் அந்த வகையே. ஜப்பானில் டோக்கியோ ரயில் நிலையத்தில் 2006இலிருந்து சோதித்துப் பார்த்தார்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவர் மிதித்து ஓடு 5 மில்லிமீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 3 ஜூல் கிடைக்கும். நீ கேட்ட மேளத்தோடு ஒப்பிட்டுப் பார்: 100 டெசிபல் சத்தத்தில் ஒரு சதுர மீட்டர் தகடு, நஷ்டமே இல்லாமல், அதே 3 ஜூல் சேர்க்க ஐந்து நிமிடம் ஆகும்.

பத்திரிகைச் செய்திகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘பேசினாலே செல்போன் சார்ஜ் ஆகும்’ என்ற தலைப்பு சில ஆண்டுக்கு ஒருமுறை வரும். அடியில் நேர்மையான ஆய்வு இருக்கும், தலைப்புதான் தாவிவிடும். 2011இல் தென்கொரியாவில் துத்தநாக ஆக்சைடு நுண்கம்பிகளை வைத்து 100 டெசிபல் சத்தத்தில் 50 மில்லிவோல்ட் எடுத்தார்கள். பொருளறிவியலில் அது அழகான வேலை. ஆனால் சாதாரண செல்போன் சார்ஜர் தருவது 5 வோல்ட், அதுவும் ஓர் ஆம்பியர் அளவு மின்னோட்டத்தோடு. இப்படிப்பட்ட செய்தி கண்ணில் பட்டால் வோல்ட் எவ்வளவு என்று பார்ப்பதோடு நிறுத்தாதே, வாட் எவ்வளவு என்று தேடு. எத்தனை டெசிபலில், எத்தனை சதுர சென்டிமீட்டரில் என்பதையும் தேடு. பல செய்திகளில் வாட் என்ற சொல்லே இருக்காது.

இதையெல்லாம் கேட்டு ஒலி மின்சாரம் வீண் என்று நினைத்துவிடாதே. மைக்ரோவாட் போதும் என்ற இடங்கள் இருக்கின்றன, அங்கே அது அருமையான விஷயம். விமான எஞ்சினுக்குள் 140 டெசிபலைத் தாண்டும், அதாவது சதுர மீட்டருக்கு நூறு வாட். அங்கே கம்பி இழுக்க முடியாத மூலையில் இருக்கும் சின்ன உணர்கருவிக்கு ஒலியே தீனி போடலாம் என்று ஆய்வு நடந்திருக்கிறது. நம் காதுக்குக் கேட்காத அளவு உயர்ந்த அதிர்வெண் கொண்ட கேளா ஒலியை உடம்புக்குள் அனுப்பி, உள்ளே பொருத்திய மருத்துவக் கருவிக்கு மின்சாரம் தருவதும் அப்படியே. தடித்த எஃகுச் சுவரில் துளை போடாமல் அந்தப் பக்கம் மின்சாரம் அனுப்பவும் கேளா ஒலி பயன்படுகிறது. கப்பல் வேலை பார்த்தவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும், ஏனென்றால் எஃகில் போடும் ஒவ்வொரு துளையும் பிற்பாடு தண்ணீர் கசியும் இடம்.

எனக்கு மிகப் பிடித்தது வேறொன்று. மேலே ஜெனரேட்டரின் வெப்பம் வீணாகிறது என்றேனே, அந்த வெப்பத்தை ஒலியாக்கி, அந்த ஒலியை மின்சாரமாக்கலாம். கண்ணாடி ஊதுகிறவர்கள் சூடான குமிழ் தானாகவே ஒலி எழுப்புவதைப் பார்த்திருந்தார்கள், சோண்ட்ஹவுஸ் என்ற ஜெர்மன் அறிவியலாளர் 1850இல் அதை ஆராய்ந்து எழுதினார். 1859இல் ரைக்கே என்ற டச்சுக்காரர், நிமிர்த்திப் பிடித்த குழாயின் கீழ்ப்பாதியில் கம்பி வலையை வைத்துச் சூடாக்கினால் குழாய் உரக்கப் பாடுவதைக் காட்டினார். மூடிய குழாய்க்குள் ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்ச்சி, நடுவே நுண்துளை அடுக்கு என்று சரியாக அமைத்தால் உள்ளே இருக்கும் வாயு தானாகவே அதிரத் தொடங்கும். பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது, தேய்கிற பாகமும் அநேகமாகக் கிடையாது. 1999இல் அமெரிக்காவில் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் பேக்ஹாஸ், ஸ்விஃப்ட் இருவரும் இப்படி ஒரு எஞ்சின் செய்து, வெப்பத்தில் 30 சதவீதத்தை ஒலித்திறனாக மாற்றிக் காட்டினார்கள். சாதாரணப் பெட்ரோல் எஞ்சினோடு போட்டி போடும் எண் அது. 2007இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகம் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கியது: விறகடுப்பில் சமைக்கும்போதே அதன் வெப்பத்தில் இப்படி ஒலி எழுப்பி, ஸ்பீக்கர் போன்ற ஒன்றைப் பின்னோக்கி ஓட்டிக் கிராமத்து வீட்டுக்கு மின்சாரம் தருவது.

இங்கே சத்தம் குழாய்க்குள்ளேயே அடைபட்டிருக்கிறது, அழுத்தமும் வெளிக்காற்றில் தாங்கவே முடியாத அளவு. அதனால்தான் வாட் கணக்கில் எடுக்க முடிகிறது. ஆற்றல் வருவது அடுப்பிலிருந்து, ஒலி நடுவில் நின்று அதைச் சுமந்து போகிறது. நம் க்வாஸூலு நட்டால் மாகாணத்துக் கரையோரம் முழுக்கச் சர்க்கரை ஆலைகள். 1860இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களையும் அவர்களுக்குப் பின் வந்தவர்களையும் கொண்டுவந்ததே அந்தக் கரும்புதான். ஆலைகள் கரும்புச் சக்கையை எரித்து நீராவி எடுத்துத் தங்கள் மின்சாரத்தைத் தாங்களே செய்துகொள்கின்றன. அதற்குப் பிறகும் புகைபோக்கியில் வெப்பம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. மேலே படிக்கப் போகிறாய் என்றால் இந்தத் துறையைப் பார். இங்கே செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

இனி உன் கண்காட்சி. ‘மேளத்தில் வீடு ஓடும்’ என்று அட்டையில் எழுதி, மறைவாக பேட்டரி வைத்துக் காட்டும் மாதிரிகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த வழிக்குப் போகவே போகாதே. ‘ஒரு குறிப்பிட்ட சத்தத்திலிருந்து எவ்வளவு மின்சாரம் எடுக்க முடியும்’ என்பதையே கேள்வியாக வை. பதில் சின்ன எண்ணாக வந்தாலும் அது நீ அளந்த எண்.

வுவுசேலாவின் 235 ஹெர்ட்ஸை எடுத்துக்கொள். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது, அதை 235ஆல் வகுத்தால் அலைநீளம் 1.46 மீட்டர். ஒரு பக்கம் திறந்து ஒரு பக்கம் மூடிய குழாய் அலைநீளத்தில் கால் பங்கு நீளம் இருந்தால் ஒத்ததிரும், அதாவது 36 சென்டிமீட்டரைச் சுற்றி. திறந்த வாயில் அலை கொஞ்சம் வெளியே நீண்டு நிற்கும், அதனால் நிஜத்தில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறைவாகத் தேவைப்படும். சாதாரண பிவிசி குழாய் போதும். மூடிய பக்கத்தில் பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய சின்ன ஸ்பீக்கரை, காற்று கசியாதபடி, குழாயைப் பார்க்க வைத்து ஒட்டு. இந்த ஸ்பீக்கர்தான் உன் ஜெனரேட்டர்.

ஒலிக்கு நிஜ வுவுசேலா வேண்டாம். போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வழியாகக் கொடு. அதிர்வெண்ணை 150இலிருந்து 350 வரை பத்துப் பத்தாக ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் மல்டிமீட்டரில் ஏசி மில்லிவோல்ட் எழுதிக்கொள். வரைபடம் போட்டால் ஒரு மலை எழும்பும். அதே அளவுகளைக் குழாய் இல்லாமல் எடுத்துப் பக்கத்தில் வரை. குழாய் என்ன செய்கிறது என்பதை நடுவர்கள் கண்ணால் பார்ப்பார்கள். ஒலி தரும் ஸ்பீக்கரும் குழாயும் ஒரே மேசையில் இருந்தால் மேசை வழியாக அதிர்வு போய் உன் எண்களைக் கெடுத்துவிடும். குழாயை ஸ்பாஞ்சின் மேல் வை. முடிந்தால் வேறு மேசையில் வை.

அப்புறம் முக்கியமான வேலை, வாட் கணக்கு. வெறும் மில்லிவோல்ட்டில் நிற்காமல் ஸ்பீக்கரின் இரு முனைக்கும் நடுவே ஒரு தடையை மாட்டி அளக்க வேண்டும். 8 ஓம் தடையில் 20 மில்லிவோல்ட் வந்தால், மின்னழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுத்து 50 மைக்ரோவாட். தடையை 4, 8, 15, 33 என்று மாற்றிப் பார்த்தால் ஏதோ ஒன்றில் வாட் உச்சம் தொடும், அந்த மதிப்பை எழுது. பீங்கான் வட்டை வைத்துச் செய்தால் பல ஆயிரம் ஓம் தடை தேவைப்படும். மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடைப் போட்டு மின்தேக்கியில் சேமிக்கப் பார்த்தால் ஒரு தடங்கல் வரும்: சாதாரண சிலிக்கான் டயோடு திறக்கவே 0.6 வோல்ட் கேட்கும், உன்னிடம் இருப்பது மில்லிவோல்ட். அதைவிடக் குறைந்த வோல்ட்டில் திறக்கும் ஷாட்கி டயோடு கொஞ்சம் பரவாயில்லை, அதற்கும் முன்னால் ஒரு சின்ன ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் போட்டு மின்னழுத்தத்தை ஏற்ற வேண்டியிருக்கும். ஒரு ஃபாரட் மின்தேக்கியை 2.7 வோல்ட்டுக்கு நிரப்ப 3.6 ஜூல் வேண்டும், ஒரு மில்லிவாட் வீதம் போனால் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரச் சேமிப்பில் ஒரு வாட் எல்இடி மூன்றரை நொடி எரியும். இதை அப்படியே அட்டையில் எழுதலாம்.

காதைப் பார்த்துக்கொள். இங்கே வேலைத்தலங்களில் எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் எல்லை. 3 டெசிபல் ஏறினால் நேரத்தைப் பாதியாக்க வேண்டும் என்ற கணக்கில் 100 டெசிபலை ஒரு நாளில் கால் மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது. சோதனை செய்யும்போது நீயும் பக்கத்தில் நிற்பவர்களும் காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள். ரைக்கே குழாய் செய்ய ஆசை வந்தால் பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய், வீட்டு அடுப்பில் வேண்டாம்.

அளவுகள் எடுத்ததும் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எந்த அதிர்வெண், ஸ்பீக்கரிலிருந்து குழாய் வாய்க்கு எத்தனை சென்டிமீட்டர், குழாய் வாயில் எத்தனை டெசிபல், எத்தனை ஓம் தடை என்ற நான்கையும் எழுதியிரு. அவை இல்லாமல் மில்லிவோல்ட்டை மட்டும் அனுப்பினால் என்னால் கணக்குப் பார்க்க முடியாது.